பலகை, சாக்கு, கயிறு: மாடியிலிருந்து பீரோ இறக்குவது

கனமான சாமானை மாடிக்கு ஏற்றும்போது உடம்பே முன்கூட்டிச் சொல்லிவிடும், இனி முடியாது, கீழே வை என்று. இறக்கும்போது அந்தத் தகவல் வராது. முதல் சில படிகள் எல்லாம் நன்றாகத்தான் போகும். அப்புறம் திடீரென்று சாமான் தன் போக்கில் நடக்க ஆரம்பிக்கும். அப்போது கீழே நிற்கிற ஆள் ஒன்று தாங்க வேண்டும், இல்லை விலக வேண்டும். மாடிப்படியில் விலக இடம் ஏது?

கோயம்புத்தூரில் மில் மெஷின்களை இறக்கி நிறுத்துகிற வேலையில் என் காலம் போனது. கார்டிங், ரிங் ஃப்ரேம், அப்புறம் சின்னப் பட்டறைகளுக்கு லேத்து, பிரஸ். கிரேன் நுழையாத சந்துகளில் எல்லாம் பலகையும் கயிறும்தான் எங்களுக்குத் துணை. ரிடையர் ஆன பிறகு சொந்தபந்தத்தில் யார் வீடு மாற்றினாலும் எனக்கு ஃபோன் வந்துவிடும். போன மாதம் மகள் வீடு. சரவணம்பட்டியில் முதல் மாடியில் வாடகைக்கு இருந்தார்கள், இப்போது சொந்த வீட்டுக்குப் போகிறார்கள். கட்டில், சோபா, பெட்டிகள் எல்லாம் தூக்கிக்கொண்டு போய்விடலாம். நின்றது பீரோதான். என் கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது, பிறகு மகளுக்குப் போனது. அந்தக் காலத்துக் கனத் தகடு. ஆறரை அடி உயரம், மூன்று அடி அகலம்.

மாப்பிள்ளைக்கு ஒரு யோசனை இருந்தது.

“மாமா, பலகை போட்டு, பீரோவுக்கு அடியில நாலு வீல் வச்சுட்டா சல்லுனு போயிடும்ல?”

“சல்லுனுதான் போகும் மாப்பிள்ளை. அதுதாங்க பயமே.”

இதைக் கொஞ்சம் கணக்காகவே சொல்கிறேன். வீட்டுப் படிக்கு உயரம் 190 மில்லிமீட்டருக்கு மிகக்கூடாது, மிதி 250 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது 2016-ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்வது. நம்மூர் மேஸ்திரிகள் வழக்கமாகப் போடுவது 7 அங்குல உயரம், 10 அங்குல மிதி. அந்தப் படிகளின் முனைகள்மேல் ஒரு பலகையைச் சாய்த்தால் 35 டிகிரி சாய்வு வரும். சக்கர நாற்காலிக்குக் கட்டுகிற சாய்தளம் 12 அடிக்கு 1 அடி ஏறும், 5 டிகிரிகூட வராது. அதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு படிக்கட்டில் சாய்த்த பலகையைப் பார்க்கக்கூடாது. இது சறுக்குமரம்.

பீரோ 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 35 டிகிரி சாய்வில் அது பலகையோடு கீழ்நோக்கி இழுக்கிற இழுப்பு 57 கிலோ. பலகைக்கும் பீரோவுக்கும் நடுவே கோணிச்சாக்கு இருந்தால் உராய்வு அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். பீரோ பலகையை அழுத்துகிற அழுத்தத்தில் எத்தனை பங்கு உராய்வாகும் என்பதுதான் உராய்வுக் கெழு; சாய்வில் அந்த அழுத்தம் 100 கிலோவைவிடக் குறைவு. கெழு 0.4 என்று எடுத்தால் 33 கிலோ போய்விடும், நம் கைக்கு மிச்சம் 24 கிலோ. சக்கரம் வைத்தால்? அந்த 57-ம் அப்படியே நம் தலையில். கயிறு கைநழுவினால் 10 அடிப் பலகையைக் கடக்க அதற்கு ஒரு வினாடி போதும். அடியில் வந்து சேரும்போது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம். 100 கிலோ இரும்பு அந்த வேகத்தில் சுவரில் மோதினால் சுவர் என்ன ஆகும் என்று யோசிக்கலாம். ஆளைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஏற்றும்போது உராய்வு விரோதி. உருளை வைப்போம், சக்கரம் வைப்போம், சோப்புக்கூடத் தேய்ப்போம். இறக்கும்போது அதே உராய்வுதான் நமக்குச் சம்பளம் வாங்காத ஆள். அந்த ஆளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டு மூன்று பேரைக் கூலிக்குக் கூப்பிடுவது என்ன புத்திசாலித்தனம்?

கோனியம்மன் தேர் ராஜவீதியில் வரும்போது கூட்டம் முழுக்க வடம் பிடிக்கிறவர்களைத்தான் பார்க்கும். நான் சக்கரத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பேன். முட்டுக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே போகிறவர்கள்தான் உண்மையில் தேரை ஓட்டுகிறார்கள். தேரை நகர்த்த ஆயிரம் பேர் வருவார்கள், நிறுத்தத் தெரிந்தவர்கள் நாலு பேர்தான். மாடியிலிருந்து பீரோ இறக்குவதும் முழுக்க முழுக்க முட்டுக்கட்டை வேலை.

ஆள் வைத்துத் தூக்கினால் என்ன என்று கேட்பீர்கள். தூக்கலாம், நானும் தூக்கியிருக்கிறேன். ஆனால் மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று பிடித்தால் ஆளுக்குப் பாதி என்று நினைக்கிறோமே, அது சமதளத்தில் மட்டும்தான். படியில் சாமான் சாய்ந்ததும் கனத்தின் மையம் கீழே நிற்கிறவர் பக்கம் நகர்ந்துவிடும். படுக்கவைத்த பீரோவுக்கு இது அவ்வளவாகத் தெரியாது. வாஷிங் மெஷின் மாதிரி குட்டையாய், கனமாய் இருக்கிற சாமானை அடியைப் பிடித்துப் படிச்சாய்வுக்குச் சாய்த்துத் தூக்கினால் முக்கால் பங்குக்கு மேல் கீழே இருக்கிறவர் கையில் வந்துவிடும். மேலே நிற்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. “லேசாத்தானே இருக்கு, வா வா” என்று அவர் நடந்துகொண்டே இருப்பார்.

சரி, பலகைக்கு வருவோம். பத்துப் படி கொண்ட ஒரு வரிசைக்குச் சாய்வு நீளம் ஏறக்குறைய 10 அடி. பிளைவுட் வாங்கிப் போடலாம் என்றால் அது 8 அடியோடு நின்றுவிடும். ஒட்டுப் போட்டால் ஒட்டுப் போட்ட இடத்தில் சாமான் இடிக்கும். நான் பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிற மேஸ்திரியிடம் 12 அடி சென்ட்ரிங் பலகை இரண்டு கேட்டு வாங்கினேன். நல்ல கனம், ஒவ்வொன்றும் முக்கால் அடி அகலம். படி முனை ஒவ்வொன்றும் பலகையைத் தாங்குவதால் வளையுமோ என்ற பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு. சென்ட்ரிங் பலகையில் காய்ந்த சிமென்ட் கட்டி ஒட்டியிருக்கும், எங்காவது பாதி வளைந்த ஆணி துருத்திக்கொண்டு நிற்கும். வெறுங்கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஒரு பழைய துணியைப் பலகைமேல் இழுத்துக்கொண்டே போனால் எங்கே மாட்டுகிறதோ அங்கே ஆணி. ஆணியைப் பிடுங்கி, சிமென்ட்டைச் சுத்தியலால் தட்டி உதிர்த்து, பெருக்கி எடுத்தால் பலகை தயார். மணல் தூசி இருந்தால் கட்டாயம் துடைக்க வேண்டும். பொடி மணல் குண்டுமணி மாதிரி உருளும், சாக்குப் போட்டதற்குப் பலன் இல்லாமல் போகும்.

பலகை நழுவக்கூடாது. பீரோவைக் கயிற்றில் கட்டிப் பலகையைக் கட்டாமல் விட்டால், பீரோ பலகையையும் கூட்டிக்கொண்டு போகும். பலகையின் அடிப்பக்கம் குறுக்காக ஒரு சட்டத்தை ஆணியடித்துவிட்டால் அது ஒரு படியின் மிதியில் உட்கார்ந்துகொள்ளும். கீழ் முனையை லேண்டிங் சுவரில் முட்டுக் கொடுக்க வேண்டும். இடைவெளி இருந்தால் மரத்துண்டு, அதற்கும் சுவருக்கும் நடுவே மடித்த சாக்கு. மகள் வீட்டில் படி முனையெல்லாம் பாலிஷ் போட்ட கிரானைட். அதன்மேல் மரம் நேரடியாக உட்கார்ந்தால் நழுவவும் செய்யும், முனை தெறிக்கவும் செய்யும். அதனால் ஒவ்வொரு முனைக்கும் ஒரு துண்டுச் சாக்கு. வீட்டு ஓனரம்மா மேலே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அட்வான்ஸ் அவர்கள் கையில் இருக்கிறது இல்லையா.

பலகையில் எல்லாரும் மெனக்கெடுவார்கள், கயிற்றில் கோட்டை விடுவார்கள். உயிர் இருப்பது கயிற்றில். நான்கு பேர் மேலே நின்று கையாலேயே பிடித்து விட்டுக்கொண்டே வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கை வியர்த்தால் முடிந்தது. கயிறு ஏதாவது ஒரு கட்டையைச் சுற்றித்தான் வர வேண்டும். வட்டமான மரக்கட்டையில் ஒரு முழுச் சுற்று சுற்றினால், பிடிக்க வேண்டிய பாரம் ஆறில் ஒன்றுக்குப் பக்கமாகக் குறைந்துவிடும். அந்த 24 கிலோ 4 கிலோ ஆகிவிடும். இரண்டு சுற்றுப் போட்டால் கயிறு அசையவே யோசிக்கும், நாம்தான் தளர்த்திக் கொடுக்க வேண்டியிருக்கும். சுற்று கூடக்கூடப் பிடி பல மடங்காகப் பெருகுவதை 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் என்ற கணிதக்காரர் சூத்திரமாக்கிவிட்டார். துறைமுகத்தில் அவ்வளவு பெரிய கப்பலை ஒரு குட்டைத் தூணில் கயிறு சுற்றி நிறுத்துவது இதை வைத்துத்தான்.

வீட்டில் அந்தத் தூணுக்கு எங்கே போவது? ஜன்னல் கம்பி வேண்டாம், கிரில் கேட் வேண்டாம், அரைச் செங்கல் கைப்பிடிச் சுவர் வேண்டவே வேண்டாம். மாடிப்படிக்கு நேராக வாசல் இருந்தால் வேலை சுலபம். வாசலைவிட நீளமான சவுக்குக் கட்டை ஒன்றை எடுத்து, அறைக்கு உள்பக்கம், முழங்கால் உயரத்தில், வாசலுக்குக் குறுக்காக வைக்க வேண்டும். இரண்டு முனையும் இரண்டு பக்கச் சுவரில் பதியும். இழுப்பு வெளியே போகப் போக கட்டை சுவரோடு இன்னும் இறுகும். சுவரில் தடம் விழாமல் பழைய போர்வையை மடித்து வைத்துக்கொள்ளலாம். சவுக்குக்குத் தோல் இருந்தால் சீவிவிடுங்கள். தோல் உரிந்து கயிறோடு சேர்ந்து சுற்றினால் கயிறு ஒரு கணம் நின்று அடுத்த கணம் துள்ளும். அந்தத் துள்ளல் ஆகாது.

கயிறு விஷயத்தில் எனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒத்துப்போகவில்லை. அவர் ஆன்லைனில் பளபளவென்று நைலான் கயிறு வாங்கி வைத்திருந்தார். பலத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது ரப்பர் மாதிரி நீளும், கையில் வழுக்கும், கட்டையில் உரசி ஓடினால் சூட்டில் இளகும். நான் எடுத்தது பருமனான தேங்காய்நார்க் கயிறு. புதிது, நாள்பட்டது அல்ல. ஈரத்தில் கிடந்து கறுத்த நார்க்கயிறு வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், முறுக்கைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பொடிப்பொடியாக உதிரும். அதைக் கிணற்று வாளிக்குக்கூட வைக்காதீர்கள்.

பீரோவின் கைப்பிடியில் கயிறு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது கதவைத் திறக்க வைத்த கைப்பிடி. கயிறு பீரோவின் அடிப்பக்கத்தைச் சுற்றி நீளவாக்கில் இரண்டு வரிசையாக வந்து, குறுக்காக இரண்டு இடத்தில் பிணைத்து, மேல் முனையில் ஒன்றுசேர வேண்டும். அப்படிக் கட்டினால் பீரோ கயிற்றின் மடியில் உட்கார்ந்திருக்கும், முடிச்சில் தொங்காது.

அன்று நடந்தது இதுதான். தட்டுகளைக் கழற்றினோம், கண்ணாடியைக் கழற்றினோம், லாக்கரைப் பூட்டிச் சாவியை மகள் கையில் கொடுத்தோம். கதவைப் பூட்டி அதன்மேல் ஒரு கட்டு. பீரோவை மல்லாக்கப் படுக்கவைத்தோம், கதவு வானம் பார்க்க. கால் பக்கம் கீழ்நோக்கி. காலை முன்னே விட்டால் லேண்டிங்கில் போய்ச் சேர்ந்ததும் தலைப்பக்கத்தைத் தூக்கினாலே நின்றுவிடும், தலைகீழாகப் புரட்டுகிற வேலை இல்லை. முதுகுத் தகட்டுக்கு அடியில் நான்கு மடிப்புச் சாக்கு, அது நழுவாமல் பீரோவோடே கட்டியாயிற்று. லேண்டிங்கில் சுவரோரமாக ஒரு பழைய கார் டயரைப் படுக்கப் போட்டோம், கடைசி அடியில் இடித்தால் வாங்கிக்கொள்ள. லாரியிலிருந்து பீப்பாய் இறக்குகிற லோடுமேன்கள் டயரைத் தரையில் போட்டு அதன்மேல் உருட்டிவிடுவதைப் பார்த்திருப்பீர்களே, அந்த டயர்தான்.

கயிற்றுக்கு நான். எனக்குப் பின்னால் மிச்சக் கயிறு சிக்காமல் கொடுக்க மகன். பீரோவின் தலைமாட்டில், மேல்படியில் நின்று திசை பார்க்க மாப்பிள்ளை. பலகைக்குக் கீழே ஒருவரும் இல்லை. லேண்டிங்கிலும் இல்லை, அதற்குக் கீழ்ப்படியிலும் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் “நான் கீழ நின்னு பிடிச்சுக்கறேங்க அங்கிள்” என்று ஓடி வந்தான். அவனை மொட்டைமாடிக்கு அனுப்பி, யாரும் படியில் ஏறாமல் பார்க்கச் சொன்னேன். நல்ல பையன், ஆனால் 100 கிலோவைப் பிடிக்கிற பையன் எங்கும் இல்லை.

குரல் ஒருவருடையதுதான் இருக்க வேண்டும். “விடு”, “பிடி” இரண்டும் அவசரத்தில் ஒரே மாதிரி காதில் விழும். எங்கள் வேலையில் “வரட்டும்”, “நில்” இந்த இரண்டுதான். மாப்பிள்ளையிடம் சொல்லிவைத்தேன். மாமாவைப் பார்த்து “நில்” என்று சொல்ல அவருக்குக் கூச்சம். “நில்லுங்க மாமா” என்று முடிப்பதற்குள் பீரோ அரை அடி போய்விடும் என்றேன். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

பீரோவின் பாதிக்கு மேல் மாடித் தரையைத் தாண்டிப் பலகைக்கு மேலே நீட்டியதும் ஒரு நொடி அது தராசு மாதிரி நின்றது. இந்த இடத்தில்தான் ஜாக்கிரதை வேண்டும், தலைப்பக்கத்தை மெதுவாகத் தூக்கிக் கொடுக்காவிட்டால் தடாலென்று பலகையில் விழும். மாப்பிள்ளை தூக்கிக் கொடுத்தார், பீரோ பலகையில் படிந்தது, கயிறு இறுகிச் சவுக்குக் கட்டையில் கிறீச்சிட்டது. கட்டையிலிருந்து பழுப்பாக நார்த்தூள் உதிர்ந்து தரையில் கோடு போட்டது. “வரட்டும்” என்றார். இடது கையால் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்த, பீரோ ஒரு சாண் இறங்கி நின்றது. திரும்ப ஒரு சாண். பக்கத்துக்கு மூன்று அங்குலம்தான் இடைவெளி, அங்கே கை வைக்கக்கூடாது என்று மட்டும் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தேன். ஓரம் ஒதுங்கியபோது மாப்பிள்ளை ஒரு குச்சியால் தள்ளித் திருத்தினார். அவ்வளவுதான் அவருடைய வேலை, அதையும் மேலே இருந்தே. மகள் டீ போட்டு எடுத்து வருவதற்குள் பீரோவின் கால் டயரைத் தொட்டுவிட்டது.

லேண்டிங்கில் நிமிர்த்தித் திருப்பினோம். வெளிப்படிக்கட்டு என்பதால் தலை இடிக்கிற தொல்லை இல்லை. உள்படிக்கட்டாக இருந்தால் நிமிர்த்துவதற்கு முன்னால் கூரை உயரத்தை டேப்பால் அளந்துகொள்ள வேண்டும், சாய்த்து நிமிர்த்தும்போது பீரோவின் மூலைவிட்ட நீளத்துக்கு இடம் வேண்டுமே. இரண்டாவது வரிசை எதிர்ப்பக்கம் திரும்புவதால் வாசல் கட்டை அங்கே உதவாது. நல்லவேளை, லேண்டிங்கைத் தாங்குகிற கான்கிரீட் தூண் மேலே வரை எழும்பியிருந்தது. தூண் சதுரம், மூலை கயிற்றை அறுக்கும், அதனால் நாலு மூலைக்கும் சாக்கு சுற்றி அதன்மேல் கயிறு. சதுரத் தூணில் கயிறு வட்டக்கட்டை மாதிரி சீராக ஓடாது, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக் கொடுக்க வேண்டியிருந்தது. மற்றபடி முன்னால் செய்ததேதான்.

கிரைண்டரை இப்படி இறக்க வேண்டியதில்லை. குழவியைத் தனியாக எடுத்து, டிரம்மைத் தனியாக எடுத்தால் ஆளுக்கொன்றாகப் போய்விடும். குழவியை உள்ளேயே வைத்துத் தூக்குகிறவர்கள் வீட்டில்தான் படியின் டைல்ஸ் உடைகிறது. ஃபிரிட்ஜைப் பலகையில் படுக்கவைக்காதீர்கள், நிமிர்ந்தபடி போவதுதான் கம்ப்ரஸருக்கு நல்லது. அதற்குப் பெல்ட் போட்டுத் தூக்குகிற ஆட்களைக் கூப்பிடுங்கள். காசைப் பார்க்காதீர்கள்.

முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷின் தனி ரகம். டிரம் குதிக்காமல் இருக்க உள்ளே கான்கிரீட் பாளம் வைத்திருப்பார்கள். அதனால்தான் அளவுக்கு மீறிய கனம். வாங்கும்போது பின்பக்கம் நீளமான போல்ட்டுகள் போட்டு டிரம்மை இறுக்கியிருப்பார்கள், மாட்ட வருகிறவர் கழற்றி ஒரு பையில் போட்டுக் கொடுப்பார். வீடு மாற்றும்போது அதைத் திரும்பப் போட வேண்டும். மகளிடம் கேட்டேன். சமையலறை லாஃப்டில் மிக்ஸி அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது என்றாள், இருந்தது. இவள் அம்மா மாதிரி, ஒன்றையும் தூக்கிப் போட மாட்டாள். போல்ட்டைப் போட்டு, குழாயில் மிச்சமிருந்த தண்ணீரை வடித்து, நிமிர்ந்தபடியே பெல்ட் ஆட்கள் கொண்டுபோனார்கள்.

பலகையை அன்று சாயங்காலமே மேஸ்திரியிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று, அடித்த சட்டத்தைக் கழற்றி ஆணியைப் பிடுங்கித்தான். சவுக்குக் கட்டையும் சாக்கும் டயரும் கணபதியில் என் வீட்டு ஷெட்டில் கிடக்கின்றன, தெரிந்தவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் எடுத்துப் போகலாம். கயிற்றை மட்டும் கேட்காதீர்கள், அதை நான் கையில் எடுத்துக்கொண்டு கூடவே வருவேன்.